யவனர் தேறலும் தோட்டத்துக் கள்ளும்

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் மக்களில் இரு சாரார் உடனே விழித்துக்கொள்வர். கண்டிக்கத்தான் எழுதுகிறோம் என்று எண்ணி ஒரு சாரார் மகிழ்வர். அதே எண்ணத்தால் மற்றொரு சாரார் பக்கத்தைப் புரட்டுவர். இரு சாராருக்கும் இன்று நாம் ஏமாற்றமே தரப்போகிறோம். குடியின் கேட்டைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். குடித்தவன் நாவில் என்ன பட்டது என்பதைக் குறித்து எழுதப்பட்டவையோ மிகச் சில. அச்சிலவற்றுள்ளும் சிறந்தவை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது வியப்பு. பின் வந்த நாம் அத்துறையில் ஏன் ஊமையானோம்? மலாக்காவையும் அதன் தோட்டங்களையும் அறிந்தோர்க்கு இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றாது.

முதலில் சொற்களையே பார்ப்போம். கள், தேறல், நறவு, தோப்பி, பிழி, அரியல், மட்டு, வேரி, மகிழ் என்றெல்லாம் பழம்பாட்டுகளில் குடிவகைகளுக்குப் பெயர் வழங்குகிறது. இவையனைத்தும் ஒரே பொருளைக் குறிக்க எதுகை மோனைக்காக இடப்பட்ட பெயர்கள் என்று நிகண்டு நெட்டுருப் போட்ட பழக்கம் நமக்குக் கற்பித்துவிட்டது. சற்று நின்று நோக்கினால் அவ்வாறில்லை. தேறுதல் என்றால் தெளிதல். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றது தேறல். அரித்தெடுத்தது அரியல். பிழிந்தெடுத்தது பிழி. மணத்தாற் பெயர் பெற்றவை நறவும் வேரியும். வீட்டில் நெல்லைக் கொண்டு சமைத்தது தோப்பி. உண்டவனுக்கு என்ன நேர்ந்ததோ அதனாலேயே பெயர் கொண்டது மகிழ். செய்முறை, மணம், பயன் என்ற மூன்று வழியிலும் ஒரு பானத்தை வேறுபடுத்திக் காணத் தெரிந்த மக்களே இப்பெயர்களை இட்டிருக்க முடியும்.

வெறும் பெயரோடும் அவர்கள் நிற்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் சமைக்கும் முறையையே சொல்லிச் செல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய நெல்லைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து அரித்தெடுப்பது அம்முறை. முளைகட்டிய தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் என்பது இன்றைய வேதியியல் அறிந்த செய்தி. பார்லியை முளைகட்டிப் பீர் காய்ச்சும் மேனாட்டுத் தொழிற்சாலைகளும் அதே இயல்பைத்தான் நம்பியிருக்கின்றன.

ஔவையாரை எடுத்துக்கொள்வோம். அதியமான் இறந்தபின் அவன் கொடையை நினைந்து அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. அங்கே அவருக்கு முதலில் நினைவு வருவது பொன்னும் அன்று, யானையும் அன்று. கள்ளைப் பங்கிட்ட முறையே நினைவு வருகிறது. சிறிதே இருந்தால் முழுவதையும் புலவர்க்கு ஈந்தான். மிகுதியாக இருந்தால் புலவர் உண்டு பாட, அப்பாட்டைக் கேட்டுத் தானும் உண்டான். நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள்கடிக்கு ஒப்பிட்டதும் ஔவையார் பெயரிலுள்ள மற்றொரு பாட்டே. குடித்துப் பாராதவர் எவரும் அவ்வுவமையைக் கண்டுபிடித்திரார் என்பது நம் துணிபு. பக்திப் பழமாக ஒரு மூதாட்டியைப் படத்தில் எழுதி வைத்திருப்போர் இப்பாட்டுகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

இத்தகைய நாவுக்குத்தான் ஒருநாள் கடல் கடந்து திராட்சை மது வந்து சேர்ந்தது.

புறநானூற்றின் 56ஆவது பாட்டில் நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த, குளிர்ந்த மணமுடைய தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் நாள்தோறும் ஏந்தித் தர, அதை உண்டு இனிது வாழ்க என்பது அவ்வாழ்த்தின் சாரம். கலம் என்பது மரக்கலமா, பாண்டமா என்று உரைகாரர்கள் வழக்காடலாம். நமக்கு எதுவாயினும் குறைவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அயல்நாட்டு மதுவை முதன்முதல் கண்ட தமிழ்ப் புலவர் அதற்கென்று புதுச்சொல் தேடி அலையவில்லை. தெளிந்து நின்றதைக் கண்டார், தேறல் என்றார். மணத்தை முகர்ந்தார், அதன் தன்மையையும் சொல்லிவிட்டார். மலைநாட்டில் மூங்கிற் குழாயில் விளைந்ததும் தேறல், மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததும் தேறல். புதிய பொருள் பழைய சொல்லுக்குள் தலைகுனிந்து நுழைந்தது.

அம்மது எப்படிச் சுவைத்திருக்கும்? இதற்குப் பாட்டில் விடையில்லை, மண்ணுக்கடியில் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்ற தொல்பொருள் அறிஞர் அகழ்ந்தபோது, இருபக்கமும் பிடியும் கூரிய அடியும் உடைய உரோமச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழ்வு இச்செய்தியை மேலும் விளக்கிற்று. அச்சாடிகளில் பல, கிரேக்கக் கடலிலுள்ள கோஸ் தீவின் வகையைச் சார்ந்தவை. இரட்டைக் கோலை ஒட்டவைத்தாற் போன்ற பிடி அவ்வகைக்கு அடையாளம். சேரநாட்டு முசிறியாக இருக்கலாமென ஆய்வாளர் பலர் கருதும் பட்டணம் என்ற ஊரிலும் 2007ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் இத்தகைய சாடி ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன.

கோஸ் தீவு மதுவுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதில் கடல்நீர் கலப்பார்கள். உரோம நாட்டுக் கேட்டோ என்பவர், கோஸ் மதுவைப் போலவே இத்தாலியில் போலி மது செய்யும் முறையைத் தம் உழவு நூலில் எழுதிவைத்திருக்கிறார். அதிலும் கடல்நீர் உண்டு. சாடியின் உட்புறத்தில் மது கசியாதிருக்கப் பைன் மரத்துக் கீல் பூசுவது அக்கால வழக்கம். அக்கீலின் பிசின் மணம் மதுவில் ஏறிவிடும். நக்கீரனார் உணர்ந்த குளிர்ந்த மணம் இப்பிசின் மணமாகவே இருந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு. செங்கடலின் வாயிலிலுள்ள ஒகேலிஸ் துறையிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றில் 40 நாட் பயணம் என்று பிளினி எழுதுகிறார். அதற்கு முன்னரும் பின்னரும் எத்தனை நாள் வெயிலில் கிடந்திருக்கும்! ஆகவே பாண்டியன் பொற்கிண்ணத்தில் இருந்தது, இன்று கடைகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கும் பொருளை ஒத்ததன்று. சற்று உப்பும், சற்றுப் பிசினும், வெயில் முதிர்ச்சியும் கலந்த ஒரு பானம் அது.

அதுவும் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிய செங்கடற் செலவு நூல், முசிறிப் பக்கம் இறங்கும் சரக்குகளை அடுக்கும்போது மது என்று குறித்து, மிகுதியாக அன்று என்றும் சேர்த்துக்கொள்கிறது. வடக்கே பருகச்சத் துறைக்கோ இத்தாலிய மது, இலவோதிக்கேய மது, அரபு நாட்டு மது என மூவகை போகும். அவற்றுள் இத்தாலியதற்கே மதிப்பு அதிகம் என்கிறது. தென்னாட்டில் யவனர் தேறல் அரண்மனைப் பொருள். ஊரார்க்குக் கள்ளும் தோப்பியுமே. இதில் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. ஆயினும் அரசனுடைய தேறலையும் ஊராருடைய கள்ளையும் ஒரே கூர்மையோடு நாவில் எடை போட்டவர் ஒரே புலவர் கூட்டம் என்பதை மறக்கலாகாது.

திராட்சை மது இவ்வளவு தூரம் வந்ததும், கள் தன் மரத்தடியை விட்டு நகராததும் எதனால்? நாகரிக உயர்வு தாழ்வு என்று சிலர் எளிதில் முடிவு கட்டிவிடுவர். காரணம் அதுவன்று. தோட்டத்தில் வேலை செய்தவர்க்கு இதை விளக்குவது எளிது. சீவிய பால்மரத்தின் பாலை அன்றைக்கே எடுத்துச் சேர்க்காவிட்டால் உறைந்துபோகும். உறையாதிருக்க அமோனியா விடுவர். தென்னம்பாளையைச் சீவி வடித்த சாறும் அத்தகையதே. காலையில் இனிப்பு, நண்பகலில் கள், மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. இனிப்பாகவே நிறுத்த வேண்டுமானால் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவர். திராட்சைச் சாற்றிலோ சர்க்கரையும் புளிப்பும் ஒருங்கே மிகுதி. அதனால் அது நுரைத்து அடங்கும்போது சாராயச்சத்து 12, 13 விழுக்காடு வரை ஏறிவிடுகிறது. கள்ளில் அதிற் பாதிகூட ஏறுவதில்லை. அந்தச் சத்தும் புளிப்பும் காவல் நிற்க, காற்றுப் புகாமல் மூடிய சாடியில் மது ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும், கப்பலேறும், விலைபோகும். கள்ளோ பிறந்த ஊரில் பிறந்த நாளிலேயே முடிந்துவிடும். பின்னாளில் தோட்டத்து வாழ்வில் இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதாயிற்று என்பதைக் காண்போம்.

இடைக்காலத்தில் நடந்ததை விரைந்து கடந்துவிடலாம். உரோமர் வாணிகம் தேய்ந்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆயினும் அவர் கள்ளின் இயல்பை அறியாதவரல்லர். உண்டவர்க்கல்லாமல் கண்டவர்க்கு அது மகிழ்ச்சி தராது என்று காதலோடு ஒப்பிட்டுக் குறை கூறுகிறார். குறை கூறுவதற்கும் அளந்து பார்த்திருக்க வேண்டுமன்றோ? அவருக்குப் பின் வந்த அறநூலார் பலர் அளப்பதை விட்டுவிட்டுக் கண்டிப்பதை மட்டும் கைக்கொண்டனர். பேசத்தகாத பொருள் என்று ஆனவுடன் பெயர்கள் ஒவ்வொன்றாக நிகண்டுக்குள் போய் ஒடுங்கின.

இனி மலாக்கா. 1511ஆம் ஆண்டு அல்புகெர்க்கே இந்நகரைப் பிடித்தபோது சோழமண்டலக் கரைத் தமிழ் வணிகர் இங்கே செல்வாக்கோடு இருந்தனர். அவர்களுள் நைனா சாத்து என்பவரைப் போர்ச்சுகீசியர் பெண்டகாராப் பதவியில் அமர்த்தினர். 1512 முதல் 1515 வரை இங்கிருந்த தொமே பிரேஸ் என்ற மருந்துச்சரக்கு அறிஞரும் அவ்வணிகரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1521இல் குன்றின்மேல் மாதா கோவில் எழுந்தது. திராட்சை மதுவின்றி அவர்கள் வழிபாடு நிறைவேறாது. ஆகவே உரோமச் சாடி வந்து நின்ற பல நூற்றாண்டுகளுக்குப் பின், மீண்டும் தமிழர் கண்முன் திராட்சை மது கப்பலிலிருந்து இறங்கியது.

இம்முறை தமிழ் என்ன செய்தது? மதுவை ஏற்றி வந்த மரப்பாண்டத்துக்குப் போர்ச்சுகீசியர் பீப்பா என்பர். அது பீப்பாய் என்று நம் மொழிக்குள் வந்துவிட்டது. மதுவை ஊற்றிய பாத்திரத்தைக் கோப்போ என்பர். அது கோப்பை ஆயிற்று. உள்ளே இருந்த வீஞ்ஞோ மட்டும் வரவில்லை. பாண்டம் வந்தது, பாத்திரம் வந்தது, பானம் வரவில்லை! இன்று தமிழன் கோப்பை என்று சொல்லித் தேநீர் குடிக்கிறான்; பீப்பாய் என்று சொல்லி மழைநீர் பிடிக்கிறான். கிறித்தவத் தமிழர் தம் மறைநூலில் திராட்சரசம் என்று வடசொல்லைக் கூட்டிச் சமாளித்தனர். மலாய் மொழியோ பாரசீகத்திலிருந்து அங்கூர் என்பதை வாங்கிக்கொண்டு பழத்துக்கும் மதுவுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொண்டது.

அடுப்படியில் மட்டும் ஓர் அழகிய கூட்டுறவு நிகழ்ந்தது. மதுவிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் போர்ச்சுகீசியச் சமையல் முறை கோவாவுக்கு வந்தபோது, திராட்சை மதுவுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளின் காடி ஏறிற்று, மிளகாயும் சேர்ந்தது, விண்டாலு பிறந்தது. மலாக்காவின் போர்ச்சுகீசிய வழியினர் வீடுகளிலும் காடி சேர்ந்த காரக் குழம்பு பண்டிகைக்கு இன்றியமையாதது. யவனர் தேறலும் நம் கள்ளும் சமனாக வந்து நின்ற இடம் அச்சட்டி ஒன்றே எனலாம்.

இவற்றையெல்லாம் ஏட்டில் படித்த நாம், பாண்டியன் கிண்ணத்தில் இருந்ததன் வழித்தோன்றலை ஒருமுறை நாவில் வைத்துப் பாராமல் எழுதுவது முறையன்று என்று கருதினோம். பாச்சாங்கில் உள்ள நண்பர் ஒருவர் இல்லத்தில் ஐவர் கூடி, வெண்ணிறத்தில் இரண்டும் செந்நிறத்தில் இரண்டுமாக நான்கு வகைத் திராட்சை மதுவை ஓரிரு மிடறு மட்டும் சுவைத்தோம். எவர்க்கும் முன்பழக்கம் இல்லை. புட்டியின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருந்த வருணனையைப் படிப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

முதலாவது வெண்மது, சொவிஞோன் பிளாங் என்னும் திராட்சையில் ஆனது. மூக்கருகே கொண்டுபோனதும் ஒருவர் கொய்யா என்றார். மற்றொருவர் பச்சை மிளகாயைக் கிள்ளிய வாடை என்றார். இரண்டும் சரியே என்று பின்னர் அறிந்தோம். அத்திராட்சையில் அவ்விரு மணத்துக்கும் உரிய வேதிப்பொருள்கள் உண்டு. நாவில் எலுமிச்சை போன்ற கூரிய புளிப்பு. இரண்டாவது, மஸ்கட் வகையில் ஆன இனிப்பு வெண்மது. கூடியிருந்தோர் அனைவரும் ஒரே குரலில் பன்னீர் என்றனர். இதிலும் வியப்பில்லை. ரோசாவிலும் மஸ்கட்டிலும் ஒரே மணப்பொருள்கள் சில இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கறுப்புத் திராட்சையும் மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கு அவ்வூர் உழவர் இட்ட பெயர் பன்னீர்த் திராட்சை. மேனாட்டு நூல் எதையும் பாராமல் மூக்கை மட்டும் நம்பி இட்ட பெயர்! நறவு என்றும் வேரி என்றும் பெயரிட்ட மரபு முற்றிலும் அற்றுப்போகவில்லை.

செந்நிறத்தில் முதலாவது பினோ நுவார் என்ற மெலிந்த வகை. நாவற்பழத்தின் சாயல் இருந்தது. மழை பெய்த மண்வாடை என்று ஒருவர் சொன்னதும் பொருத்தமாகவே பட்டது. இரண்டாவது கபர்னே சொவிஞோன் என்ற கனத்த வகை. அதை வாயில் வைத்ததும் கன்னம் உட்புறம் இழுத்துப் பிடித்தது. என்ன சொல்வதென்று நாம் தயங்கி நிற்க, தோட்டத்தில் பிறந்து பால்மரம் சீவி வளர்ந்து இப்போது முதுமை எய்திய நண்பர் ஒருவர் சற்றும் தயங்காமல், “பச்சப் பாக்கு மென்ன மாதிரி இருக்குங்க” என்றார்.

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. வெண்மதுவுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்து நுரைக்கவிடுவர். செம்மதுவுக்குத் தோலும் விதையும் சேர்த்தே ஊறவிடுவர். நிறமும் துவர்ப்பும் அத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவன. பாக்கிலும் கடுக்காயிலும் உள்ள அதே துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் வழவழப்பைப் பற்றி உலர்த்துவதால்தான் கன்னம் இழுக்கிறது. ஆங்கிலேயன் இத்துவர்ப்பை ஒரு சுவையாக எண்ணுவதில்லை; வாயில் தோன்றும் ஓர் உணர்ச்சி என்று ஒதுக்குவான். நம்மவர் அதை அறுசுவையில் ஒன்றாக வைத்து எண்ணினர். வெற்றிலை பாக்குப் போடும் ஒரு பாட்டியிடம் செம்மதுவைக் கொடுத்தால் அதில் பாதியை அவள் முன்பே அறிந்திருப்பாள்.

இடையே ஒரு நடைமுறைச் செய்தி. செம்மதுவை அறையின் வெப்பத்தில் பருக வேண்டும் என்று மேனாட்டு நூல்கள் சொல்லும் அறை, கல்லாலான அவர்கள் நாட்டுக் குளிர்ந்த அறை. 16 முதல் 18 பாகை வரை என்று கொள்க. மலாக்காவின் 30 பாகையில் அதை வைத்தால் சாராய நெடி ஒன்றே மேலெழும். சிறிது நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்த பிறகே பழத்தின் மணம் திரும்பிற்று.

நாவும் மூக்கும் எவ்வளவு தூரம் சொல்லுக்கு அடிமை என்பதற்கு பிரான்சு நாட்டுப் போர்தோவில் நடந்த ஓர் ஆய்வைக் காட்டலாம். மதுவியல் பயிலும் 54 மாணவருக்கு, வெண்மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தனர். அவர்கள் அதை முகர்ந்து, செம்மதுவுக்கு வழங்கும் சொற்களாலேயே வருணித்தனர். 2001இல் வெளிவந்த அவ்வாய்வைக் கண்டு மதுச்சுவை பார்ப்பதே போலி வித்தை என்று சிலர் நகைத்தனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. மூக்கு அச்சொல்லின் வழியே நடக்கிறது. அப்படியாயின், சொல்லே இல்லாதவனுக்கு என்ன நேரும்?

பாக்கைச் சொன்ன நண்பர் இதற்கு விடை சொன்னார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பா குடிச்சதப் பாத்திருக்கேன். ருசி பாத்ததப் பாத்ததில்லீங்க” என்றார். அத்துடன் அன்றைய ஆராய்ச்சி நின்றுவிட்டது.

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் முதன்முதல் அச்சேற்றியது 1894ஆம் ஆண்டு. தான் சாய் யான் என்ற சீனப் பெருவணிகர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதன்முதல் நட்டது 1896ஆம் ஆண்டு. யவனர் தேறலைப் பாடிய பாட்டு ஏட்டுச்சுவடியிலிருந்து விடுபட்டு வெளியே வந்த அதே காலத்தில், அப்பாட்டின் மொழி பேசிய ஏழை மக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இத்தோட்டங்களுக்குள் வந்தடைந்தனர். இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை.

தோட்டத்தில் அவர்களுக்கென்று வைத்திருந்தது ஒரே பானம். நல்லதும் அல்லாததுமாகப் பலவகைக் கள் அங்கே இல்லை. தெளிந்தது, அரித்தது, நாட்பட்டது என்ற பிரிவும் இல்லை. அரசாங்க அனுமதி பெற்று நிர்வாகம் நடத்திய கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வைகறையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து ஓய்ந்த பிறகே குடிக்க நேரம். அதற்குள் கள் புளித்துப்போயிருக்கும். முன்னே சொன்னோமே, கள் பிறந்த நாளிலேயே முடியும் பொருள் என்று. அதன் நல்ல பொழுது காலை. தொழிலாளியின் ஓய்ந்த பொழுது மாலை. ஆகவே அதன் இனிமையான வேளையில் அதைக் காணும் வாய்ப்பே அவனுக்கு இல்லை. புளித்ததை விரைந்து விழுங்கி உடல்நோவை மறப்பதே நோக்கமாயிற்று. சுவைப்பவன் மெதுவாக உண்பான். மறக்க விரும்புபவன் மெதுவாக உண்ண மாட்டான்.

கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே திரும்புகிறது என்றும், கள்ளை மூடினால் அவர்கள் கொடிய சம்சுவை நாடுவர் என்றும் தோட்ட நிர்வாகத்தார் வாதித்து வந்தனர். இரண்டாவது வாதத்தில் சிறிது உண்மை இல்லாமலில்லை. சம்சு பிற்காலத்தில் எத்தனை குடிகளைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் தம் கூலியைத் தாமே குடித்து, அதன் இலாபத்தில் தம் திருவிழாவைத் தாமே கொண்டாடிக்கொள்வதை நலன் என்று அழைப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

தொழிலாளர் இதை உணராமல் இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் எழுந்தபோது, சீனர்க்கு ஒப்பான கூலி வேண்டும், வெள்ளையரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டிய இழிவு ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக நின்றது. துருப்புகளை ஏவி அதை அடக்கினர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. போர் முடிந்தபின் 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர்; போலீசாரோடு மோதல் மூண்டது. உயர்ந்தோர் மேடையில் நின்று ஏழைக்குக் குடிக்காதே என்று உபதேசம் செய்த நிகழ்ச்சிகள் அல்ல இவை. குடித்தவர்களின் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் தாமே எழுந்து, தங்கள் கையில் திணிக்கப்பட்ட கலயத்தை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவை.

அக்காலத்தில் மொழிக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். ஒன்பது பெயர் வைத்திருந்த மக்கள் இப்போது கள், சம்சு, பீர், பிராந்தி எல்லாவற்றுக்கும் வழங்கும் ஒரே சொல் தண்ணி. நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற பொருளின் பெயர் அது! குடித்தவன் என்ன குடித்தான் என்று யாரும் கேட்பதில்லை; எவ்வளவு குடித்தான், எங்கே விழுந்தான் என்றே கேட்பர். வெட்கம் ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம் நின்று மற்றப் பெயர்களை எல்லாம் துடைத்துவிட்டன.

நண்பர் வளர்ந்த தோட்டத்தில் இப்போது லயங்களும் இல்லை, பால்மரங்களும் இல்லை. செம்பனை நட்டிருக்கிறார்கள். கள்ளுக்கடை இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கும் கொட்டகை நிற்கிறதாம். சம்பள நாள்தோறும் அவர் தாயார் அவரை அக்கடைக்கு அனுப்புவாராம். வாங்கி வர அன்று, தகப்பனாரைக் கூட்டி வர. அன்றிரவு நான்கு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்படும்போது, நாம் கேளாமலே அவர் ஒன்று சொன்னார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலையிலேயே அக்கடைப் பக்கம் போயிருக்கிறார். அப்போதுதான் மரத்திலிருந்து இறக்கிய புதுக்கள்ளைப் பெரிய பானையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“எளநி வழுக்க மாதிரி ஒரு வாசங்க அது. கொஞ்சம் ஆப்பமாவு வாசமும் சேந்து வரும். எனக்கு ரொம்பப் புடிச்சுது. வீட்ல போய்ச் சொல்ல முடியுமாங்க? அம்மா அழுதிருப்பாங்க.”